வால்பாறையில் ஒரு துரை பங்களா: அறைக்கு மூன்று நட்சத்திரம், நடைக்கு ஐந்து

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் துரைமார் குடியிருந்த பங்களாக்கள் சில இப்போது தங்கும் விடுதிகளாகிவிட்டன. அப்படி ஒன்றில் குடும்பத்தோடு ஒரு வார இறுதியைக் கழித்துவிட்டு வந்தேன். விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதனால் அங்கே வேலை செய்கிறவர்களின் பிழைப்பில் மண் விழ வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இதே மலையில் லைன் வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை. அப்போது நடைமுறையில் இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கு வீடு கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினோம். ஆக, சொந்த ஊருக்குப் போனால் காசு கொடுத்துத் தங்க வேண்டிய ஜாதி நாங்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு ஒத்துழைக்காதவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது வளைவில் இறங்கி ஆழியாறு அணையைப் பாருங்கள். வரையாடு கண்ணில் பட்டால் பார்ப்பதோடு நிறுத்துங்கள். பிஸ்கட் கொடுக்கிற வேலை வேண்டாம்.

அறை பெரியது, சுத்தம். சிவப்புச் சிமென்ட் தரை கால் வைத்தால் ஜில்லென்றிருக்கிறது. கணப்பு இருக்கிறது, ஆனால் விறகுக்குத் தனிக் காசு. வெந்நீர் காலை ஏழரை வரைதான். என் பெரிய மனக்குறை கூரையில். தகரத்துக்குக் கீழே தடுப்பு அடித்து, மழைச் சத்தமே கேட்காதபடி செய்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலேயே மழை கொட்டித் தீர்க்கும் சின்னக்கல்லாறு இந்த மலையில்தான் இருக்கிறது. லைன் வீட்டில் ஆடி மாதம் பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும். தகரத்தில் அப்படி அறையும். இரவுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு அந்தச் சத்தத்தையாவது விட்டு வைத்திருக்கலாம்.

சாப்பாட்டில் பங்களாப் பட்டியல் ஒன்று இருக்கிறது: ரொட்டி, ஆம்லெட், காளான் சூப். சுமார். சமையற்காரரிடம் நான் எந்த எஸ்டேட் என்று சொன்னதும் அடுத்த நாள் மதியம் மேரக்காய் (சௌசௌ) பொரியலும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. லைனுக்குப் பின்னால் எல்லா வீட்டிலும் மேரக்காய்க் கொடி இருக்கும். வாரத்தில் பாதி நாள் அதுதான் கறி. கேட்டால் செய்து தருவார், பட்டியலில் தேடாதீர்கள். டீ மட்டும் ஏமாற்றம். கண்ணாடிக் குடுவையில் வெளிறிய இலைத் தண்ணீர். "கொஞ்சம் டஸ்ட் போட்டுக் கொடுங்கள் அண்ணே" என்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கூடத்துச் சுவரில் பழைய புகைப்படங்கள். துரை, துரைசாணி, நாய், சுட்ட புலி. எல்லாவற்றுக்கும் கீழே பெயரும் ஆண்டும் உண்டு, நாய்க்குக்கூட. வரிசையாகக் கூடையோடு நிற்கிற பெண்களின் படத்துக்குக் கீழே 'தொழிலாளர்கள்' என்று மட்டும் இருக்கிறது. பக்கத்தில் தொங்கும் வரலாற்றுப் பலகை காட்டைத் திருத்தியவரின் துணிச்சலைப் பாடுகிறது. ஆள் பிடிக்கும் கங்காணி முன்பணம் கொடுத்து சமவெளி ஊர்களிலிருந்து கூட்டி வந்தவர்களைப் பற்றியோ, மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தவர்களைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

அந்த வரிகளெல்லாம் மாலை நடையில் கிடைக்கின்றன. ஆளுக்கு 300 ரூபாய், இரண்டு மணி நேரம். கூட்டிச் செல்பவர் ஓய்வு பெற்ற சூப்பர்வைசர். எழுபது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், கையில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி. என்னைப் பார்த்ததும், "எந்த எஸ்டேட் பிள்ளை நீ? எந்த டிவிஷன்?" என்றுதான் ஆரம்பித்தார். கவ்வாத்து முடிந்த செடிகளைக் காட்டி, வெட்டிய குச்சிதான் அந்தக் காலத்து அடுப்புக்கு விறகு என்றார். ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கையால் கிள்ளுவதையும், இப்போது கத்திரியால் வெட்டிப் பெட்டியில் தள்ளுவதையும் அடுத்தடுத்துச் செய்து காட்டினார். விரலில் கறுப்புக் கறை ஏறுவதை என் மகள் அப்போதுதான் பார்த்தாள்.

எடை போடும் கொட்டகையில் கொஞ்சம் நேரம் நின்றோம். இலை நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார்கள். மழைமலையில் எந்த நாளில் இலை நனையாமல் இருக்கும்? தராசு முள்ளையும் சூப்பர்வைசர் பேனாவையும் அம்மா மாறி மாறிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். பெரியவர் மழுப்பவில்லை. "கழிவை எழுதியது என்னைப் போன்ற ஆட்கள்தானம்மா. எழுதாவிட்டால் ஆபீசில் என் சம்பளத்தில் எழுதுவார்கள்" என்றார். கூட வந்த சென்னைக் குடும்பம் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு இதைக் கேட்டது.

திரும்பும் வழியில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பு கொண்டுவந்த ஏற்பாடு. செல்போனிலிருந்தே விளக்கை எரிய வைக்கலாம், குறுஞ்செய்தியும் வரும். எங்கள் காலத்தில் தகர டப்பாவைத் தட்டுவதுதான் எச்சரிக்கை. பெரியவர் உடனே பாதையை மாற்றி லைன் வழியாக இறக்கினார். பாதி வீடுகளில் பூட்டு. 2001 கணக்கெடுப்பில் 90 ஆயிரத்தைத் தாண்டியிருந்த ஊர் 2011இல் 71 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். திறந்திருந்த வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள். ஒரு வாசலில் மேரக்காய் காய்த்துத் தொங்கியது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வரவில்லை, எனக்கு இந்தி வரவில்லை. இரண்டு காயைப் பறித்துக் கையில் திணித்துவிட்டாள்.

அந்த 300 ரூபாயில் பெரியவருக்கு எவ்வளவு போகிறது என்று வரவேற்பறையில் கேட்டேன். சுற்றி வளைத்தார்கள். அவர் கையில் தனியாகக் கொடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் எடுத்துப் போங்கள், விடுதியில் தருவதில்லை. நடைக்குப் பெயர் கொடுக்கும்போதே, "மேட்டுக்கு வேண்டாம், லைன் வழியாகக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் செல்ஃபி எடுக்கிற மேட்டோடு நடையை முடித்துவிடுவார்கள்.