ஓராண்டு மட்டும் என்றால் எது நல்லது? ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், வெல்லெஸ்லி, பிரின் மார்

அமெரிக்க மகளிர் கல்லூரிகளில் எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் வெல்லெஸ்லி என்பார்கள். ஹிலாரி கிளின்டனும் மேடலின் ஆல்பிரைட்டும் படித்த இடம், தரவரிசைப் பட்டியல்களில் மேலே இருக்கும் பெயர். நான்கு ஆண்டு படித்துப் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம். பரிமாற்ற மாணவியாக ஓராண்டு மட்டும் போகிறவர்களுக்கு நான் சொல்வது மவுண்ட் ஹோலியோக். அடுத்தது ஸ்மித். வெல்லெஸ்லி அதற்கும் அப்புறம்தான்.

ஆகஸ்ட் கடைசியில் போய் இறங்கினால் மே நடுவில் வகுப்புகள் முடிந்துவிடும். இடையில் குளிர்கால விடுமுறை வேறு. கையில் இருப்பது ஒன்பது மாதத்துக்கும் குறைவு. பட்டத்தில் அந்தக் கல்லூரியின் பெயர் வரப்போவதில்லை. அங்கே வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்களும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. அதனால் தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். விடுதியில் எவ்வளவு சீக்கிரம் உங்களைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்வார்கள்? பக்கத்துக் கல்லூரிகளில் போய்ப் படிப்பது எவ்வளவு சுலபம்?

‘ஏழு சகோதரிகள்’ என்று சேர்த்துச் சொல்லப்பட்ட பழைய கல்லூரிகளில் வாஸர் 1969இல் ஆண்களையும் சேர்க்கத் தொடங்கியது. ராட்கிளிஃப் 1999இல் ஹார்வர்டுடன் முழுமையாக இணைந்துவிட்டது. மகளிர் கல்லூரிகளாகவே தொடர்பவை மவுண்ட் ஹோலியோக், ஸ்மித், வெல்லெஸ்லி, பிரின் மார், பர்னார்ட் ஆகிய ஐந்து. மவுண்ட் ஹோலியோக் 2014இலும் ஸ்மித், வெல்லெஸ்லி, பிரின் மார் மூன்றும் 2015இலும் திருநங்கையரையும் சேர்ப்பதாக அறிவித்தன.

உண்மையான போட்டி மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில், ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கு இடையேதான். மவுண்ட் ஹோலியோக், மேரி லயன் 1837இல் சவுத் ஹாட்லியில் தொடங்கியது. ஸ்மித், 1875இல் நார்தாம்ப்டனில் திறக்கப்பட்டது. இரண்டும் ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பில் இருக்கின்றன. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகமும் அதே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு இன்னொன்றில் பாடம் எடுக்கலாம், எல்லா நூலகங்களிலும் புத்தகம் வாங்கலாம். பருவம் நடக்கும் மாதங்களில் இந்தக் கல்லூரிகளுக்கு இடையே ஓடும் பேருந்தில் மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. சில ஆயிரம் பேர் மட்டுமே படிக்கும் அமைதியான கல்லூரியில் தங்கிக்கொண்டே, பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் பாடங்களையும் எடுக்க முடிகிறது. ஓராண்டில் அமெரிக்கக் கல்வியின் இரண்டு முகங்களையும் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

படிப்பு விஷயத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஸ்மித்தைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது அதன் திறந்த பாடத்திட்டம்: முதலாண்டில் எழுத்துப் பயிற்சிப் பாடம் ஒன்று, முதன்மைப் பாடத்துக்கு உரியவை, மற்றதெல்லாம் மாணவியின் விருப்பம். நான்கு ஆண்டு மாணவிக்கு அது பெரிய சுதந்திரம். ஆனால் பரிமாற்ற மாணவி எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அந்தக் கல்லூரியின் கட்டாயப் பாட விதிகள் அவளைக் கட்டுப்படுத்தப் போவதில்லை. அவள் ஈடுகட்ட வேண்டியது தன் சொந்தக் கல்லூரியின் கணக்கைத்தான். ஆக, ஸ்மித்தின் மிகப் பெரிய பலம் உங்களுக்குப் பலமே இல்லை. பொறியியல் படிப்பவர் என்றால் மட்டும் கதை வேறு. அமெரிக்க மகளிர் கல்லூரிகளில் முதன்முதலில் பொறியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது ஸ்மித். அந்தத் துறைக்காரர் இதற்கு மேல் படிக்காமல் ஸ்மித்துக்கே விண்ணப்பிக்கலாம்.

வாழ்க்கை விஷயத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. ஸ்மித்தில் ‘விடுதி’ என்று சொல்ல மாட்டார்கள், ‘ஹவுஸ்’ என்பார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றிலும் முதலாண்டிலிருந்து கடைசி ஆண்டு வரை எல்லோரும் கலந்து இருப்பார்கள். ஒரே வீட்டில் நான்கு ஆண்டும் தங்குவது சாதாரணம். வெள்ளிக்கிழமை மாலை தேநீர், வீட்டுக்கென்று ஒரு பெயர், தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கங்கள், சில வீடுகளிலேயே சாப்பாட்டு அறை. உள்ளே நுழைந்துவிட்டால் இதைவிட நெருக்கமான இடம் கிடையாது. நுழைவதில்தான் சிக்கல். மற்றவர்கள் சேர்ந்து வாழ்ந்து முடித்த இரண்டு ஆண்டுக் கதை உங்களுக்குத் தெரியாது. வீடு நல்லதாக அமைந்தால் ஆண்டே நன்றாக அமையும், இல்லாவிட்டால் அதைச் சரிசெய்வதற்குள் பாதி ஆண்டு போய்விடும்.

மவுண்ட் ஹோலியோக்கில் அந்த ஆபத்து குறைவு. 2018இல் சாப்பாட்டுக் கூடங்களை ஒன்றாக்கி, பிளான்சார்ட் கட்டடத்தில் எல்லோரும் சாப்பிடும் ஒரே பெரிய கூடம் அமைத்தார்கள். பழைய மாணவிகளில் சிலருக்கு அந்தச் சின்னச் சாப்பாட்டு அறைகள் போனதில் வருத்தம் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் புதிதாக வருகிறவளுக்கு அந்த ஒரே கூடம் பெரிய உதவி. மூன்று வேளையும் கல்லூரி முழுவதும் கண்ணில் படும். ஒரு மேசையில் ஒட்டவில்லை என்றால் அடுத்த மேசை. அப்புறம் விடுதிகளில் இரவு நேரத்தில் பாலும் பிஸ்கட்டும் வைத்துக் கூடும் வழக்கம் ஒன்று இருக்கிறது, ‘எம் அண்ட் சி’ என்பார்கள். படித்துக் களைத்தவர்கள் அறையை விட்டு வெளியே வரும் நேரம் அது. வெட்கப்படுகிற சுபாவம் உள்ளவர்கள் அதை மட்டும் தவறவிடக் கூடாது. வெளிநாட்டு மாணவிகளின் பங்கும் ஸ்மித்தைவிட இங்கே கூடுதல். நம்மைப் போலவே வெளியூரிலிருந்து வந்து திணறுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பது முதல் இரண்டு மாதத்துக்குப் பெரிய ஆறுதல். கவிஞர் எமிலி டிக்கின்சன் 1847-48இல் இங்கே தங்கிப் படித்ததும் ஏறக்குறைய ஓராண்டுதான்.

மலை நாள் இரண்டு இடத்திலும் உண்டு. மவுண்ட் ஹோலியோக்கில் 1838 முதல், ஸ்மித்தில் 1877 முதல். இலையுதிர் காலத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலையில் மணி அடிக்கும், அன்றைக்கு வகுப்பு இல்லை. மவுண்ட் ஹோலியோக்கில் அதே பெயருள்ள மலையில் ஏறுவார்கள். அன்று அறையில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறேன் என்று தங்கிவிடாதீர்கள், நீங்கள் பார்க்கப்போகும் மலை நாள் அது ஒன்றுதான்.

ஸ்மித் தெளிவாக முந்துவது ஊரில். கல்லூரி வாசலிலிருந்து நடந்தால் நார்தாம்ப்டனின் கடைத்தெரு, காபிக் கடைகள், இசை நிகழ்ச்சிகள். வளாகத்துக்குள் நல்ல கலை அருங்காட்சியகம், வசந்தத்துக்கு முன்பே பூக்கள் காட்டும் கண்ணாடித் தாவர வீடு, மாயா லின் வடிவமைப்பில் 2021இல் மீண்டும் திறந்த நீல்சன் நூலகம். சவுத் ஹாட்லியில் கல்லூரிக்கு எதிரே புத்தகக் கடையும் சில உணவகங்களும், அவ்வளவுதான். பிப்ரவரியில் பனி முழங்கால் வரை கிடக்கும்போது இந்த வித்தியாசம் உறைக்கும். தனிமையை அதிகம் உணர்கிறவர், நகரத்தில் வளர்ந்தவர் என்றால் இதற்காகவே ஸ்மித்தை முதலில் வைக்கலாம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு மாணவியாகத்தான் போவீர்கள். அங்கே மூன்றாம் ஆண்டு என்பது அவர்களே வெளிநாடு போகும் ஆண்டு. ஸ்மித் 1925லேயே மாணவிகளைப் பாரிசுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. அதனால் உங்கள் வயதுக்காரர்களில் பலர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். முதலாண்டு, கடைசி ஆண்டு மாணவிகளோடுதான் நட்பு அமையும். தெரிந்துகொண்டு போனால் ‘ஏன் எனக்கு மட்டும் நட்பு கிடைக்கவில்லை’ என்று மனம் குமைய வேண்டியதில்லை.

சரி, வெல்லெஸ்லி. பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 12 மைல், புறநகர் ரயில் உண்டு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் பாடம் எடுக்கும் வசதி 1960களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. கணினி, இயற்பியல், பொருளியல் படிக்கிறவர்களுக்கு அது பொன்னான வாய்ப்பு. வளாகமும் வாபன் ஏரியும் கொள்ளை அழகு. ஆனால் சுற்றியிருப்பது பணக்காரப் புறநகர். மாணவர் ஊர் என்ற வாடையே கிடையாது. எம்.ஐ.டி.க்குப் பேருந்தில் போய்வரும் நேரமும் படிப்புச் சுமையும் சேர்ந்தால் ஒன்பது மாதத்தில் நட்புக்கு ஒதுக்க மிஞ்சுவது குறைவு. எம்.ஐ.டி.யில் இன்ன பாடம், இன்ன ஆய்வகம் என்று குறிப்பான திட்டத்தோடு போகிறவருக்கு மட்டும் நான் வெல்லெஸ்லியைச் சொல்வேன்.

பிரின் மார் பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவிலிருந்து ரயில் தூரத்தில். நான்கில் மிகச் சிறியது. ஹாவர்ஃபோர்டு கல்லூரியோடு ஏறத்தாழ ஒரே கல்லூரி போலப் பாடங்கள் கலந்து ஓடும். இங்கே எனக்குப் பிடித்தது கண்ணியக் குறியீடு: தேர்வு நேரத்தை மாணவிகளே தேர்ந்தெடுப்பார்கள், மேற்பார்வையாளர் கிடையாது, ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் கேட்பதில்லை. மதிப்பெண்ணைச் சொல்லியே வளர்ந்த நமக்கு அந்த ஓராண்டு மூச்சுவிட இடம் தரும். ஜப்பானின் சூடா உமேகோ 1889 முதல் 1892 வரை இங்கே உயிரியல் படித்துவிட்டுப் போய்த்தான் 1900இல் டோக்கியோவில் பெண்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். தீவிரமாகப் படிக்கிற, கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

பர்னார்டை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான வகுப்புகளும் கிடைக்கும், நியூயார்க் கிடைக்கும், ஆனால் மகளிர் கல்லூரி வாழ்க்கை அந்த நகரத்துக்குள் கரைந்துவிடும்.

வீட்டில் பெற்றோர் நினைப்பதற்கும் நடப்பதற்கும் தூரம் அதிகம். பெண்கள் கல்லூரி என்றால் இரவு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டும் இடம் என்று நம் ஊர் வழக்கத்தை வைத்து நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கல்லூரிகள் எதிலும் அப்படி இல்லை. வந்துபோகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது, ஆண் விருந்தினர் வரலாம், வகுப்பில் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் இருப்பார்கள். இதைப் புறப்படும் முன்பே பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, உங்கள் கல்லூரிக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் இருந்தால் வழக்கமாகக் கல்விக் கட்டணத்தை இங்கேயே கட்டிவிட்டுப் போகலாம். ஒப்பந்தம் இல்லாமல் விருந்தினர் மாணவியாகப் போனால் முழுக் கட்டணம், அது மிகப் பெரிய தொகை. பரிமாற்ற மாணவர்களுக்கான ஜே-1 விசாவில் அனுமதி வாங்கிக்கொண்டு வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். மாசசூசெட்ஸில் 2023 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர், பென்சில்வேனியாவில் சட்டப்படி 7.25 டாலர்தான். பிரின் மார் போகிறவர் வளாக வேலைக்கு என்ன கூலி என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மருத்துவக் காப்பீடு ஜே-1க்குக் கட்டாயம், ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் ஈடு தருவதாக இருக்க வேண்டும். திரும்பிவந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஜே-1இல் உண்டு. எந்த நாட்டுக்கு எந்தத் துறை ஆட்கள் தேவை என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் திறன் பட்டியலின் பழைய வடிவத்தால் அது இந்தியர் பலரைப் பிடித்தது. 2024 டிசம்பரில் திருத்திய பட்டியலில் இந்தியா இல்லை. அரசு உதவித்தொகையில் போகிறவர்களுக்கு மட்டும் அந்த நிபந்தனை இன்னும் வரலாம்.

விடுதி ஜனவரியில் திறந்திருக்குமா என்பதையும் எழுதிக் கேளுங்கள். ஜே-1 முடிந்தபின் 30 நாள் அமெரிக்காவில் தங்க அனுமதி உண்டு. அதனால் தேர்வு முடிந்த மறுநாளுக்கே விமான டிக்கெட் போட்டுவிடாமல், உடன் இருந்த கடைசி ஆண்டு மாணவிகளின் பட்டமளிப்பு வரையாவது தங்கும்படி போடுங்கள்.