மின்னஞ்சல் பெட்டியை இடம் மாற்ற எந்தக் கட்டளை? இமாப்சிங்க், டவ்அட்ம், ஆர்சிங்க்

மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். 14 மின்னஞ்சல் பெட்டிகள், மொத்தம் 60 ஜிபி. பழைய சர்வரின் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. எல்லாவற்றையும் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை என் கையில். "தம்பி, ஒரு மடல்கூடத் தொலையக் கூடாது. வந்த தேதியும் மாறக் கூடாது" என்றார் மூத்த ஆடிட்டர். அவர் சொன்னதில் இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. ஜிஎஸ்டி உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, அது கிடைத்த நாளிலிருந்து 3 மாதம்தான் அவகாசம். பெட்டியில் உள்ள எல்லா மடல்களும் இன்றுதான் வந்தன என்று காட்டினால், அந்த அலுவலகத்தின் நினைவே குழம்பிவிடும்.

இதற்கு உதவும் மூன்று கருவிகளில் மிக வேகமானது, கோப்புகளை அப்படியே நகலெடுக்கும் ஆர்சிங்க். சர்வரில் மடல்களைச் சேமிக்கும் மெயில்டிர் அமைப்பில் ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. படித்ததா, பதில் எழுதியதா என்பதெல்லாம் கோப்புப் பெயரின் வாலிலேயே ஓர் எழுத்தாக ஒட்டியிருக்கும். கோப்பு புதிய இடத்துக்குப் போனால் இவை எல்லாமே கூடவே போய்ச் சேர்ந்துவிடும். சர்வர் ஓடும்போதே ஒரு முறை, நிறுத்திவிட்டு இன்னொரு முறை நகலெடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் இரண்டு இயந்திரங்களிலும் உள்ளே நுழையும் உரிமை வேண்டும், இரண்டிலும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும். எங்களுக்குப் பழைய பக்கத்தில் கிடைத்ததோ கடவுச்சொற்கள் மட்டும்தான். அதோடு ஆர்சிங்க் விலகிக்கொண்டது.

கடவுச்சொல் மட்டும் போதும் என்று சொல்லும் கருவி இமாப்சிங்க். ழில் லாமிரால் என்பவர் பெர்ல் மொழியில் எழுதியது. இரு பக்கமும் சாதாரணப் பயனரைப் போல இமாப் (மடல்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியே உள்ளே போய், கோப்புறை கோப்புறையாக நகலெடுக்கும். எந்த நிறுவனத்தின் சர்வர் என்ற கவலை அதற்கு இல்லை. மடல்களைத் தலைப்பு வரிகளைக் கொண்டே அடையாளம் காண்கிறது. அதனால் எத்தனை முறை ஓட்டினாலும் ஏற்கெனவே போனது மறுபடி போகாது, விடுபட்டது மட்டும் போகும். மடல்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றிய பிறகும் சில மணி நேரம் பழைய சர்வருக்கே மடல்கள் வந்து விழும். மறுநாள் இன்னொரு முறை ஓட்டி அவற்றையும் அள்ளிவிடலாம். நாமாகச் சொல்லாதவரை எந்தப் பக்கமும் எதையும் அழிக்காது. படித்த குறியும் வந்த தேதியும் அப்படியே நிற்கும். நான் முதலில் நம்பியது இதைத்தான், இப்போதும் அப்படியே.

ஆனால் எங்கிருந்து ஓட்டுகிறோம் என்பது முக்கியம். ஒவ்வொரு மடலும் இமாப்சிங்க் ஓடும் கணினிக்குள் இறங்கி, மறுபடி ஏறிப் போகிறது. அலுவலக மடிக்கணினியில் தொடங்கினால் 60 ஜிபியும் கச்சேரி சாலைப் பக்கத்து பிராட்பேண்டில் இறங்கி ஏற வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் நின்றுவிடும். புதிய சர்வருக்குள்ளேயே, இணைப்பு அறுந்தாலும் தொடரும் டிமக்ஸ் அமர்வில் ஓட்டுங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல் தனிக் கோப்பில் வையுங்கள். இல்லையென்றால், அதே இயந்திரத்தில் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எவர் கண்ணிலும் அது பட்டுவிடும். முதல் ஓட்டம் வெறும் ஒத்திகையாக இருக்கட்டும். அதற்கு "டிரை" என்ற விருப்பத்தேர்வு இருக்கிறது.

டவ்காட் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளுடன் வரும் டவ்அட்ம், புதிய பக்கம் டவ்காட்டாக இருந்தால் மட்டுமே உதவும். பழைய பக்கம் எதுவானாலும் இமாப் வழியே இழுத்துக்கொள்ளும். இமாப்சிங்க்கால் முடியாத ஒன்று இதனால் முடியும்: ஒவ்வொரு மடலுக்கும் சர்வர் கொடுத்திருக்கும் எண்ணையும் காப்பாற்றும். இது வெறும் நுணுக்கம் இல்லை. அந்த அலுவலகத்தில் இரண்டு பழைய கணினிகள் இன்னும் பாப்3 (மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறை) வழியே, மடல்களைச் சர்வரிலேயே விட்டுவைத்து எடுக்கின்றன. அடையாளம் மாறினால் பல வருட மடல்களும் புதிதாக வந்தவை போல மறுபடி இறங்கும். டவ்அட்மோடு பாப்3 இடமாற்றச் செருகுநிரலையும் சேர்த்து அமைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் கத்தி போன்ற கருவி. "பேக்கப்" கட்டளை, போய்ச் சேரும் பெட்டியை மூலப்பெட்டியின் அச்சாக மாற்றும். திசையைத் திருப்பும் பெரிய "ஆர்" எழுத்தை மறந்துவிட்டால், காலியான புதிய பெட்டியின் அச்சாகப் பழையது மாறும், அதாவது எல்லாம் அழியும். எம்எக்ஸ் மாறிய பின் இதே கட்டளையை ஓட்டினால், புதிய பெட்டிக்கு அதற்குள் வந்த மடல்கள் போய்விடும். அப்போது ஒருவழி "சிங்க்" கட்டளைதான் சரி. இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு தட்டச்சு செய்பவர் கையில் இதைக் கொடுக்க மாட்டேன்.

ஜிமெயிலுக்குப் போகிறவர்களுக்குக் கருவியைவிட வரம்புதான் பெரிய தடை. இமாப் வழியே ஏற்றுவதற்கு ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு 500 எம்பிதான். 4 ஜிபி பெட்டிக்கு 8 நாள் ஆகும். மாதக் கடைசி வரை காத்திருந்தால் கதை முடிந்தது.

நாங்கள் 12 பெட்டிகளை இமாப்சிங்க்கிலும், பாப்3 பெட்டிகள் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் டவ்அட்மிலும் மாற்றினோம். திங்கட்கிழமை கோப்புறை வாரியாக எண்ணிக்கையை ஒப்பிட்டேன். ஒரு பெட்டியின் வரைவுகளில் மட்டும் மூன்று குறைந்தன. அனுப்பாத வரைவுகளுக்கு அடையாளத் தலைப்பே இல்லாததால் இமாப்சிங்க் அவற்றைத் தாண்டிப் போயிருந்தது. "ஆட்ஹெடர்" விருப்பத்தேர்வைச் சேர்த்து மறுபடி ஓட்டியதும் மூன்றும் வந்தன. ஆடிட்டர் ஒரு நோட்டீஸைத் திறந்து, அச்சிட்டு வைத்திருந்த தாளோடு தேதியையும் நேரத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். "சரி தம்பி, பழையதை மூடிவிடலாமா?" என்றார். ஒரு வாரம் பொறுங்கள் சார் என்றேன்.