முத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு ஆப்பைக் காட்டுகிறார்களா? அட்டையைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பத்துக் கட்டம் போட்ட அட்டை. ஏழு கட்டத்தில் முத்திரை விழுந்திருக்கிறது. இன்னும் மூன்று முறை வாங்கினால் ஒன்று இலவசம். எட்டாவது முறை கவுண்டரில் நீட்டும்போது, "இந்தக் கார்டு இனிமே செல்லாதுங்க, எல்லாம் ஆப்ல மாத்திட்டோம். இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, சேர்ந்ததுமே 50 பாயிண்ட் விழும்" என்கிறார் பில் போடுபவர். பின்னால் வரிசை நிற்கிறது. அவசரமாக ஆப்பை இறக்கி, போன் நம்பர் கொடுத்து, ஓடிபி சொல்லி முடிப்பதற்குள் பழைய அட்டை கல்லாவுக்குக் கீழே இருக்கும் குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. திரையில் 50 பாயிண்ட் தெரிகிறது. கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்து வாடிக்கையாளர் வெளியே வருகிறார்.

சரியாகவில்லை. அந்த 50 பாயிண்ட், வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கடைக்குள் நுழைபவருக்கும் கிடைப்பதுதான். ஏழு முத்திரைக்கு ஈடாக வந்தது எதுவும் இல்லை. ஆப்பில் ஓர் இலவசப் பொருளுக்கு 200 பாயிண்ட் வேண்டும் என்றால், பத்தில் ஏழு முத்திரைக்கு 140 பாயிண்ட் வந்திருக்க வேண்டும். சேரும்போது தரும் 50 அதற்கு மேல் வர வேண்டியது. ஆக 190 இருக்க வேண்டிய இடத்தில் 50 இருக்கிறது. அட்டை குப்பையில் கிடப்பதால் இதைக் கேட்கச் சாட்சியும் இல்லை.

கடைக்காரர்கள் அட்டையை விட்டு ஆப்புக்குப் போவதில் நியாயமான காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் ஸ்டாம்பை யாரும் செய்துகொள்ளலாம். தெரிந்தவருக்கு ஒரு தடவைக்கு நாலு முத்திரை குத்திவிடும் ஊழியர்களும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் கணக்குப் பதிவு. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் தரம், பாயிண்ட் கொடுத்து விற்கும்போது வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை உடனே வருமானமாகக் காட்டாமல், 'இன்னும் தர வேண்டிய கடன்' என்று ஒதுக்கி வைக்கச் சொல்கிறது. பாயிண்ட் செலவானாலோ காலாவதியானாலோதான் அது வருமானமாகும். ஊர் முழுக்க எத்தனை அட்டைகளில் எத்தனை முத்திரை இருக்கிறது என்று எந்தக் கடைக்கும் தெரியாது. ஆப்பில் கடைசிப் பாயிண்ட் வரை தெரியும். எவ்வளவு பாயிண்ட் பயன்படாமலே சாகும் என்பதையும் கணிக்க முடியும். காலாவதித் தேதி கறாராக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காகித அட்டை உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சீட்டு. அதில் இருக்கும் முத்திரையை உங்களுக்குத் தெரியாமல் யாரும் அழிக்க முடியாது. பாயிண்ட், கடையின் பேரேட்டில் இருக்கும் ஒரு வரி. அதைத் திருத்தும் பேனா அவர்கள் கையில் இருக்கிறது. அதனால் மாறும் அந்த ஒரு நாளில் கவனம் தேவை.

அட்டையைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனை படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் அங்கே காலாவதித் தேதி அச்சாகவில்லை என்றால் அதுவே உங்கள் வாதத்துக்குப் பலம். பிறகு இரண்டு கேள்வி: "பழைய அட்டையை எந்தத் தேதி வரைக்கும் ஏத்துக்குவீங்க?" "இதுல இருக்கிற முத்திரையை எத்தனை பாயிண்டா மாத்துவீங்க?" எட்டு, ஒன்பது முத்திரை இருந்தால் ஆப்புக்கு மாற்றவே மாற்றாதீர்கள். கெடு தேதிக்குள் மீதியை வாங்கி முடித்து இலவசத்தைப் பெற்றுவிடுவதுதான் லாபம். மாற்றுவதாக இருந்தால், கவுண்டரை விட்டு நகரும் முன் ஆப்பில் 'வரவு விவரம்' பகுதியைத் திறந்து, சேர்க்கைப் பாயிண்ட் ஒரு வரியாகவும் முத்திரைக்கு ஈடான பாயிண்ட் இன்னொரு வரியாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு அட்டை அவர்களுக்கு. "சாயந்தரத்துக்குள்ள ஏறிடும் சார்" என்றால் அட்டையும் சாயந்தரம் வரை உங்களிடமே இருக்கட்டும்.

இனி ஓசையில்லாமல் நடக்கும் இழப்பு. அட்டையில் ஒரு தடவை வாங்கினால் ஒரு முத்திரை. ஆப்பில் பெரும்பாலும் செலவுத் தொகையை வைத்துப் பாயிண்ட். 100க்கு 1 பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 199க்கு வாங்கினாலும் 1 தான், ஏனென்றால் ஒவ்வொரு பில்லிலும் மிச்சம் வெட்டப்படுகிறது. 199 வீதம் ஐந்து தடவை வாங்கினால் மொத்தம் 995, கிடைப்பது 5 பாயிண்ட். அதே 995ஐ ஒரே பில்லாகப் போட்டால் 9. அடிக்கடி சிறுகச் சிறுக வாங்குபவர்தான் முத்திரை அட்டையால் அதிகம் பயனடைந்தவர். ஆப்பில் அதிகம் இழப்பவரும் அவரே. வரிக்கு முந்திய தொகைக்குப் பாயிண்டா, பிந்திய தொகைக்கா, தள்ளுபடிப் பொருளுக்கு உண்டா, கூப்பன் கழித்த பிறகு மீதிக்கு மட்டுமா என்பதெல்லாம் நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும். சேரும் முன் அந்த நாலு வரியை மட்டுமாவது படியுங்கள்.

காலாவதியில் இரண்டு வகை உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறார்கள். முதல் வகையில், ஒவ்வொரு பாயிண்டும் அது சேர்ந்த நாளிலிருந்து இத்தனை மாதத்தில் தனித்தனியாகச் சாகும். இதில் நீங்கள் தினமும் கடைக்குப் போனாலும் பழைய பாயிண்ட் போகத்தான் செய்யும், செலவு செய்வது ஒன்றே வழி. இரண்டாவது வகையில், இத்தனை மாதம் கணக்கில் அசைவே இல்லையென்றால் மொத்தமும் சுழியமாகும். இதில் ஒரு சின்னப் பொருள் வாங்கினாலே கெடு புதுப்பிக்கப்படும். உங்கள் ஆப் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சேரும்போது தந்த இலவசப் பாயிண்டுக்குத் தனியாக, இன்னும் குறுகிய கெடு இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட மோசமானது தானாகக் கூப்பனாக மாறும் ஏற்பாடு. பத்து முத்திரை நிறைந்த அட்டை பர்ஸில் ஆறு மாதம் கிடந்தாலும் கெட்டுப்போகாது. பல ஆப்களில் 200 பாயிண்டைத் தொட்ட மறுநொடியே அது கூப்பனாக மாறிவிடுகிறது. அந்தக் கூப்பனுக்கு 30 நாள், சில இடங்களில் அதற்கும் குறைவாகக் கெடு. இலக்கை அடைந்ததே உங்களுக்கு எதிராகக் கடிகாரத்தை ஓட விடுகிறது. செட்டிங்கில் 'தானாக மாற்று' என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால், அடுத்த கூப்பனைச் செலவு செய்ய நேரம் இருக்கும்போது பார்த்து இலக்கைத் தாண்டுங்கள்.

இலக்கே ஓடிப்போவதும் உண்டு. 200 பாயிண்டுக்குக் கிடைத்தது ஒரு நாள் 250 ஆகும். உங்கள் 190 அப்படியே இருக்கும், அதன் மதிப்புதான் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகியிருக்கும். அச்சான அட்டையில் 'பத்து' என்பதைப் 'பன்னிரண்டு' என்று திருத்த முடியாது. பெரிய இலக்குக்காகப் பாயிண்டைச் சேர்த்து வைக்காதீர்கள், எட்டும்போதெல்லாம் செலவு செய்யுங்கள்.

'ஏற்கெனவே 20 சதவீதம் முடித்துவிட்டீர்கள்!' என்று நிரம்பும் பச்சைக் கோட்டைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். நூன்ஸ், ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கார் கழுவும் நிலையத்தில் இரண்டு வகை அட்டை கொடுத்தார்கள். ஒன்றில் எட்டுக் கட்டம், எல்லாம் காலி. இன்னொன்றில் பத்துக் கட்டம், இரண்டில் முன்கூட்டியே முத்திரை. இரண்டுக்கும் எட்டுத் தடவைதான் வர வேண்டும். காலி அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டு முத்திரை குத்திக் கொடுத்த அட்டையை முடித்தவர்கள் 34 சதவீதம். ஆப்பின் வரவேற்புப் பாயிண்ட் அந்த இரண்டு முத்திரையின் வேலையைத்தான் செய்கிறது.

கவுண்டரில் நேரும் திருட்டு தனி. "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு, வாடிக்கையாளர் "எனக்கு ஆப் எல்லாம் வேண்டாம்" என்றால், சில ஊழியர்கள் தங்கள் நம்பரையே போட்டுப் பாயிண்டை ஏற்றிக்கொள்வார்கள். பில்லின் அடியில் பாருங்கள்: சேர்ந்த பாயிண்ட், மொத்த இருப்பு, போன் நம்பரின் கடைசி நாலு இலக்கம் என்று பெரும்பாலும் அச்சாகியிருக்கும். உங்கள் பில்லில் வேறு யாருடைய இலக்கமாவது இருந்தால் அங்கேயே கேளுங்கள். ஓடிபி விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். 'சேர்வதற்கான' ஓடிபி, 'பாயிண்டைச் செலவு செய்வதற்கான' ஓடிபி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எதற்காக வந்தது என்று செய்தியை முழுக்கப் படித்துவிட்டு, நீங்களே தட்டுங்கள். வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

போன் நம்பரை மாற்றப்போகிறீர்கள் என்றால், பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே ஆப்பில் நம்பரை மாற்றுங்கள். கைவிட்ட நம்பரைத் தொலைபேசி நிறுவனம் சில மாதத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர் அதே ஆப்பில் நுழைந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும், உங்கள் பாயிண்டும் கூடவே.

ஆப்பில் பணம் ஏற்றி வைக்கும் வசதி இருந்தால் ஆபத்து பாயிண்டோடு நிற்காது. வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பது திருடர்களின் பழைய முறை. டோனட், காபி விற்கும் அமெரிக்க நிறுவனமான டங்கினின் வாடிக்கையாளர் கணக்குகள் 2015இல் இப்படித்தான் தாக்கப்பட்டன. வாடிக்கையாளருக்குச் சொல்லவில்லை என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2019இல் வழக்குத் தொடுத்தார். 2020இல் 6,50,000 டாலர் கட்டி அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. இருப்பு குறைந்தால் கார்டிலிருந்து தானாகப் பணம் ஏறும் ஏற்பாட்டை அணைத்து வையுங்கள். அது இருந்தால், திருடன் காலி செய்யச் செய்ய உங்கள் வங்கிக் கணக்கு நிரப்பிக்கொண்டே இருக்கும். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் போடுங்கள்.

அனுமதி கேட்டு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 'வேண்டாம்' என்றே அழுத்தலாம். உங்கள் திரையில் இருக்கும் கியூஆர் கோடைக் கடைக்காரர் ஸ்கேன் செய்வதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. நீங்கள் ஸ்கேன் செய்வதாக இருந்தால் கேமரா மட்டும். தொடர்புப் பட்டியல் ஒருபோதும் வேண்டியதில்லை. லொகேஷன் விஷயத்தில் டிம் ஹார்ட்டன்ஸ் என்ற கனடா காபிக் கடை நிறுவனத்தின் ஆப்பை நினைவில் வையுங்கள்: மூடிய நிலையிலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாடிக்கையாளர் இருக்கும் இடத்தைப் பதிந்து, வீடு எது, வேலையிடம் எது என்று ஊகித்து வந்ததைக் கனடாவின் தனியுரிமை ஆணையர்கள் 2022 ஜூனில் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். கிளையைத் தேடத்தான் வேண்டும் என்றால் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்', அதிலும் துல்லியமில்லாத இருப்பிடம் போதும். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் அந்த வசதி இருக்கிறது.

ஆப்பே இல்லாமல் தப்பிக்கவும் வழி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். பிளாஸ்டிக் அட்டை இருக்கிறதா, நம்பரை மட்டும் பில்லில் ஏற்ற முடியுமா, போனில் ஏற்கெனவே இருக்கும் வாலட்டில் அட்டையைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கியூஆர் கோடு மாறாத வகை என்றால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டே போதும், சிக்னல் இல்லாத அடித்தளத்திலும் வேலை செய்யும். சில நொடிக்கு ஒருமுறை மாறும் கோடு என்றால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சாதா போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்காகக் கட்டாயம் கேளுங்கள், அவர்களுடைய முத்திரைகள்தான் முதலில் காணாமல் போகின்றன.

கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு, அச்சடித்த பலகையிலேயே இருக்கிறதா, மேலே தனி ஸ்டிக்கராக ஒட்டப்பட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஸ்கேன் செய்தபின் போனின் ஆப் ஸ்டோர் திறக்காமல் நேராக ஒரு கோப்பு இறங்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.

சேர்ந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று ஆப்பை அழித்தால் கணக்கு அழியாது, உங்கள் விவரம் அங்கேயே இருக்கும். பாயிண்டைச் செலவு செய்துவிட்டு, ஆப்புக்குள்ளேயே 'கணக்கை நீக்கு' என்பதை அழுத்துங்கள். கணக்குத் தொடங்கும் வசதி உள்ள ஐபோன் ஆப்களில் இந்த வசதியும் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

முத்திரை ஏற்கெனவே போய்விட்டதென்றால் புகாரை ஆப் சாட்டில் போடாதீர்கள். சாட்டை மூடியதும் பேசியது போய்விடலாம். மின்னஞ்சலில் எழுதுங்கள். "என் முத்திரை என்ன ஆச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் "வருந்துகிறோம்" என்று பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "இன்ன தேதியில், இன்ன கிளையில், ஏழு முத்திரையுள்ள அட்டையை ஒப்படைத்தேன். பத்து முத்திரைக்கு ஓர் இலவசம், ஆப்பில் அதற்கு 200 பாயிண்ட். எனவே 140 பாயிண்டை என் கணக்கில் சேர்க்கவும்." அட்டையின் படம், அன்றைய பில், ஆப் இருப்பின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணையுங்கள். அட்டையின் படம் இல்லாவிட்டாலும் முந்தைய ஏழு பில்கள், அல்லது வங்கிக் கணக்கில் அந்தக் கடைக்குப் போன ஏழு பணப்பட்டுவாடாக்கள் சாட்சியாகும். பில்களை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த வழுவழுப்பான தாள் சூட்டில் அச்சாவது, மையே கிடையாது. வெயிலும் சூடும் பட்டால் சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.