வெட்டுவதற்கு முன் பலூன் வைத்துப் பார்த்தார்கள்

ஐந்து வருடமாக இருந்த தொல்லையை வீட்டில்கூட நான் சொன்னதில்லை. காலையில் முக்கால் மணி நேரம் டாய்லெட்டில் உட்கார்ந்தாலும் பாதிதான் போகும். பிறப்புறுப்பின் பின்சுவரை விரலால் அழுத்தினால்தான் மீதி இறங்கும். எனக்கு வயது 53, இரண்டு சுகப்பிரசவம். இதே கஷ்டத்தில் இருக்கும் பெண்களுக்காகக் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன்.

முதலில் காட்டிய இடத்தில் கையால் சோதித்தார்கள், அவ்வளவுதான். மலக்குடல் முன்பக்கமாகப் பை போலப் பிதுங்கியிருக்கிறது, ஸ்டேப்ளர் வைத்து வெட்டிவிடலாம் என்று அடுத்த வாரமே நாள் குறித்தார்கள். பயந்துபோய், நாத்தனார் சொன்ன சென்னை மருத்துவமனைக்குப் போனேன்.

இங்கே சின்ன பலூனை ஆசனவாய்க்குள் வைத்து, அதில் 50 மில்லி தண்ணீர் நிரப்பி, வெளியே தள்ளச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் வந்துவிட வேண்டுமாம். எனக்கு ஐந்து நிமிடம் முக்கியும் வரவில்லை. அப்புறம் களி போன்ற பசையை ஏற்றி, கம்மோடில் உட்காரவைத்து எக்ஸ்ரேயில் படம் எடுத்தார்கள். அழுகை வந்தது; நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் படத்தைக் காட்டினார். பை இருந்தது. ஆனால் முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை எனக்கு இறுகுகிறது. "தொந்தரவே இல்லாத பெண்களுக்கும் இந்தப் பை இருக்கும்மா. கதவு திறக்காதப்ப சுவரை மட்டும் தைச்சு என்ன பண்றது?" என்றார். பின்சுவரைத் தைப்பது, லேப்ராஸ்கோப்பியில் வலை வைத்துக் குடலை மேலே இழுத்துக் கட்டுவது, ஸ்டேப்ளர் மூன்றையும் தாளில் வரைந்து காட்டினார். வலை அரித்து வெளியே வரலாம், ஸ்டேப்ளருக்குப் பிறகு அடக்க முடியாத அவசரம் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

முதலில் தசையைத் தளர்த்தப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சி, ஆறு தடவை. தசை இறுகினால் திரையில் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். நான்காவது தடவைதான் கோடு எனக்கு இறங்கியது. சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி பெண்ணுக்கு அவ்வளவு பொறுமை.

குறை என்றால், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இப்படிப்பட்ட சோதனைக்கு வரும் பெண்களுக்கு அது பெரிய விஷயம், உடனே சரிசெய்ய வேண்டும்.

இப்போது பலூன் வெளியே வந்துவிடுகிறது. டாய்லெட்டில் கால் மணி நேரம் போதும். வாரத்தில் ஓரிரு நாள் இன்னும் விரல் வைக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் அது நிற்காவிட்டால் பின்சுவர்த் தையலைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் தயார்தான்.