லாக்கா, பிக்சலா: ஸ்கிரிப்ட் இல்லாமல் இணையத்தள வருகையைக் கணக்கிடுதல்

சிங்கப்பூரில் எங்கள் வாசகர் வட்டத்தின் இணையத்தளத்தைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். 2023 ஜூலையில், வருகையைக் கணக்கிடும் சேவையான கூகல் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு முடிவுக்கு வந்தபோது, புதிய பதிப்புக்கு மாறுவதா, உலாவிக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்டே தேவைப்படாத வழிக்குப் போவதா என்று செயற்குழுவில் பேசினோம். ஸ்கிரிப்டை முடக்கியவர்கள் கணக்கில் விடுபடுவதும் பக்கத்தின் சுமை கூடுவதும் எல்லாரும் அறிந்தவை. எங்கள்முன் இருந்த வழிகள் இரண்டு: தனக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் சேவையகம் தானாகவே எழுதிவைக்கும் லாக் பதிவைப் படிப்பது, பக்கத்துக்குள் ஒற்றைப் பிக்சல் படத்தைப் பதிப்பது. இரண்டையும் சில மாதங்கள் சேர்த்தே நடத்திப் பார்த்துவிட்டு, லாக்கைத் தேர்ந்தேன்.

பிக்சலின் வேலை எளிது. கண்ணுக்குத் தெரியாத கிஃப் படமொன்றை உலாவி கேட்கும். அந்தக் கோரிக்கை ஒரு வருகையாகப் பதிவாகும். சேவையக மென்பொருளான என்ஜின்எக்ஸில் இதற்கென்றே 43 பைட் வெற்றுப் படம் தரும் வசதி இருக்கிறது. வருகைக் கணக்கீட்டு மென்பொருளான மடோமோவிலும் படவழிக் கணக்கீடு உண்டு. தளங்களைத் தானாகவே சுற்றிவரும் நிரல்களான பாட்கள் பெரும்பாலும் படங்களைக் கேட்பதில்லை என்பதால், கிடைக்கும் எண் மனித வாசகரின் எண்ணிக்கையை ஒட்டியே இருக்கும். இந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், வாசகர் எங்கிருந்து வந்தார் என்பதைப் படத்தால் சொல்ல இயலாது. படக் கோரிக்கையோடு வரும் ரெஃபரர், அதாவது கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தது என்ற குறிப்பு, நம் பக்கத்தையே காட்டும். படம் வேறு டொமைனில் (வேறு தளப் பெயரில்) இருந்தாலோ, இன்றைய உலாவிகள் இயல்பாகத் தளத்தின் பெயரை மட்டுமே அனுப்புவதால், பக்கத்தின் பெயரையும் பட முகவரியிலேயே எழுதிவைக்க வேண்டியிருக்கும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எங்கள் தளத்தைத் தொண்டூழியர்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். தமிழ்மொழி விழாவையொட்டி ஏப்ரலில் ஒருவர் பக்கத்தின் அடிப்பகுதியை அழகாக மாற்றியமைத்தார். அங்கிருந்த பிக்சல் வரி அதோடு போய்விட்டது. மூன்று வாரங்கள் கணக்கு பூச்சியமாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. விழாக்கால வருகையை, அந்தச் சமயத்திலும் தடையின்றி எழுதப்பட்டுவந்த லாக்கிலிருந்துதான் மீட்டெடுத்தேன். பக்கத்துக்குள் எதையும் வைக்க வேண்டாம் என்பதால் பக்கத்தை யார் மாற்றினாலும் லாக் பாதிக்கப்படுவதில்லை. மேலும், பிக்சல் காணாதவற்றையும் அது காண்கிறது. எங்கள் சுவரொட்டியில் அச்சான கியூஆர் குறியீடு ஒன்று, இல்லாத பக்கத்துக்கு வாசகரை அனுப்பிக்கொண்டிருந்தது ‘பக்கம் இல்லை’ என்று குறிக்கும் 404 வரிகளை லாக்கில் பார்த்தபோதுதான் தெரிந்தது. பிடிஎஃப் கதைத் தொகுப்புகளைத் தரவிறக்குவதும் பக்கத்தைத் திறக்காமலேயே நடக்கக்கூடியது. அதுவும் லாக்கில்தான் விழும்.

லாக்குக்கும் பராமரிப்பு உண்டு, ஆனால் அது வேறு வகை. உபுண்டு இயங்குதளத்தில் என்ஜின்எக்ஸை நிறுவினால் நாளொன்றுக்கு ஒரு கோப்பாகப் பதினான்கு நாள் பதிவுகள் மட்டுமே இயல்பாக எஞ்சும். மாதக் கணக்கு வேண்டுமென்றால் இந்த அமைப்பை முதல் நாளிலேயே மாற்றிவிட வேண்டும். பச்சையாகத் திறந்தால் தமிழ் முகவரிகள் படிக்க முடியாதபடி இருக்கும்: ‘க’ என்ற ஓர் எழுத்து, விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக நீள்கிறது. கோஅக்சஸ் என்ற லாக் படிக்கும் மென்பொருள் இவற்றையெல்லாம் பிரித்துப் படித்து ஒரே பக்க அறிக்கையாகத் தந்துவிடுகிறது. பாட்களை விலக்கும் தெரிவும் அதில் உண்டு. ஆனாலும் குரோம் என்று பொய்ப்பெயர் சொல்லி வருபவை தப்பிவிடும். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸே இல்லாத எங்கள் தளத்தில் அதன் நுழைவுப் பக்கத்தைத் தேடும் முகவரிகளையும், பக்கத்தை மட்டும் கேட்டு அதன் தோற்றத்தை வகுக்கும் ஸ்டைல் கோப்பைக் கேட்காதவற்றையும் கழிக்கிறேன். முன்பே வந்துபோனவரின் உலாவி அந்தக் கோப்பைச் சேமித்துவைத்திருக்கும் என்பதால் இதில் சிறு பிழை நேரும்.

தனிநபர் எண்ணிக்கையை இரண்டு வழியிலும் நம்புவதற்கில்லை. ஆண்ட்ராய்டு குரோம் இப்போது எந்தக் கைப்பேசியானாலும் ‘ஆண்ட்ராய்டு 10, கே’ என்றே தன்னை அறிவிப்பதால் ஒரு கைப்பேசியை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை. கைப்பேசி இணையத்தில் பலர் ஒரே ஐபி முகவரியை (இணைய இணைப்பின் எண்ணை) பகிர்வதும் உண்டு. ஆகவே, பக்கப் பார்வைகளை மட்டுமே செயற்குழுவிடம் தருகிறேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் தரவை வைத்திருக்க வேண்டாம் என்பதால், ஐபியின் கடைசிப் பகுதியை மறைத்து அறிக்கை எடுத்தபின் மூலப் பதிவை அழித்துவிடுகிறேன்.

சொந்தச் சேவையகத்தில் இயங்கும் சிறிய தளத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். சேவையகத்துக்கு முன்னால், பக்கங்களின் நகலை வைத்து வழங்கும் சிடிஎன் இருந்தால், அது தன் சேமிப்பிலிருந்தே தந்துவிடும் பக்கங்கள் நம் லாக்குக்கு வந்து சேரா. லாக்கையே தராத வலைப்பூச் சேவைகளும் உண்டு. அத்தகைய இடங்களில் பிக்சலையே வைக்கலாம். பக்க அமைப்பு மாறும் ஒவ்வொரு முறையும் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.