கொழிஞ்சாம்பாறையிலிருந்து பி.ஏ. எக்கனாமிக்ஸ்: சித்தூரா, பொள்ளாச்சியா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எக்கனாமிக்ஸ் மேல் ஆசை வந்துவிட்டால், மேற்கே போவதா கிழக்கே போவதா என்றுதான் வீட்டில் பேச்சு தொடங்கும். மேற்கே எங்கள் மாவட்டத்துச் சித்தூரில் அரசுக் கல்லூரி, கோழிக்கோடு பல்கலைக்கழகம். கிழக்கே கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி, பாரதியார் பல்கலைக்கழகம். நாங்கள் 2024-ல் மகளைச் சித்தூரில் சேர்த்தோம். பக்கத்து வீட்டுப் பையன் அதே வருடம் பொள்ளாச்சிக்குப் போனான். அதனால் இரண்டு பக்கத்து டைம்டேபிளும் எனக்கு ஓரளவு பழக்கம். ஆனாலும் நான் சித்தூர்க் கட்சிதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பஸ், ஃபீஸ் எல்லாம் பெரிய விஷயமில்லை. பஸ் இரண்டு பக்கமும் உண்டு, சித்தூருக்குக் கன்செஷனும் கிடைக்கும். வருகைப்பதிவு 75 சதவீதம் என்பதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பட்டம் வாங்க என்ன முடிக்க வேண்டும் என்று பார்த்தால், தமிழ்நாட்டுக் கணக்கு நமக்கெல்லாம் பழகியது. மூன்று வருடம், ஆறு செமஸ்டர், மொத்தம் 140 கிரெடிட் (தாளின் எடைக்குத் தருகிற புள்ளி). முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், இரண்டும் நான்கு செமஸ்டர் வரை தொடரும். மூன்றாம் பகுதியில் பாடத்துறைத் தாள்களும் துணைப்பாடங்களும். அப்புறம் சுற்றுச்சூழல் கல்வி, திறன் தாள்கள், என்.எஸ்.எஸ். மாதிரி சேவைப் பணி. எதையும் தேர்ந்தெடுத்துக் குழம்ப வேண்டியதில்லை. போர்டில் ஒட்டியிருப்பதைப் படித்து, அரியர் வைக்காமல் வெளியே வந்தால் போதும்.

கேரளத்தில் 2024-ல் எல்லாம் மாறிவிட்டது. நான்கு வருடப் படிப்பு என்று பெயர். ஆனால் மூன்றாம் வருடத்தோடு 133 கிரெடிட்டில் பி.ஏ. வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், இன்னொரு வருடம் இருந்து 177 ஆக்கினால் ஹானர்ஸ், அதாவது நான்கு வருடச் சிறப்புப் பட்டம். "நாலு வருஷமா, யாரு செலவழிக்கறது?" என்று பயந்தே எங்கள் ஊரில் சிலர் பொள்ளாச்சிக்கு ஓடினார்கள். அந்த 133 எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள்: மேஜர், அதாவது எக்கனாமிக்ஸ், 17 தாள், 68 கிரெடிட். மைனர், அதாவது வேறு துறையிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கிற துணைப்பாடம், 6 தாள், 24. மொழி, பல்துறை, மதிப்புக்கல்வி, திறன் என்று பொதுத் தாள்கள் 39. இன்டர்ன்ஷிப் 2. மொழித் தாள்கள் முதல் வருடத்திலேயே முடிந்துவிடுகின்றன. சித்தூரில் தமிழ்த்துறை இருப்பதால் இரண்டாம் மொழியாகத் தமிழே எடுக்கலாம். மார்க்கில் நூற்றுக்கு 70 பரீட்சைக்கு, 30 கல்லூரியே போடுகிற இன்டர்னலுக்கு.

நான் சித்தூர் பக்கம் சாய்ந்தது அந்த 24 கிரெடிட் மைனரைப் பார்த்துத்தான்.

எக்கனாமிக்ஸ் என்றால் பட்ஜெட், பணவீக்கம் என்று பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கும் என்றே பிள்ளைகள் நினைத்து வருகிறார்கள். இரண்டாம் வருடம் போனால் கணக்கு வந்து நிற்கிறது. டிமாண்ட் கோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்க வகைக்கெழு வேண்டும். பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசுகிற எக்கனாமெட்ரிக்ஸுக்கு ரிக்ரெஷன் என்கிற தொடர்புக் கணக்கு, அதற்குக் கீழே நிகழ்தகவு. எம்.ஏ. போகும்போது இது இன்னும் இறுகும், நல்ல இடங்களின் நுழைவுத்தேர்வில் கணக்கும் புள்ளியியலும் கேட்காமல் விடுவதில்லை. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத முதுகலை இல்லாமல் முடியாது. ஆக, வெறும் பி.ஏ. எக்கனாமிக்ஸுக்கு வெளியில் இருக்கிற மதிப்பு கொஞ்சம்தான். கூட என்ன படித்தாய் என்பதை வைத்தே அது ஏறும், இறங்கும்.

பொள்ளாச்சிப் பையனுக்கும் புள்ளியியல் உண்டு, கணித முறைகளும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவை எக்கனாமிக்ஸ் துறை தன் பிள்ளைகளுக்கு அளவாக வெட்டிக் கொடுக்கிற தாள்கள். இங்கே கணிதத்தை மைனராக எடுத்த என் மகள் கணிதத் துறையில் போய், கணித ஆசிரியரிடம், மற்ற துறைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். முதல் செமஸ்டரில் வீட்டில் அழுகைதான். மூன்றாம் செமஸ்டரில் மைனர் தாள்கள் முடிந்துவிட்டன. அதன்பின் எக்கனாமிக்ஸ் வகுப்பில் சமன்பாட்டைப் பார்த்து அவள் பயப்படவில்லை. ஆறு தாளையும் ஒரே துறையில் எடுத்தால் அது மைனர் என்று கணக்கில் வரும். மூன்று மூன்றாக இரண்டு துறைகளில் பிரித்தும் எடுக்கலாம். சித்தூரில் புவியியல், இசைகூட இருக்கின்றன. எக்கனாமிக்ஸோடு இசை படிக்கிற பிள்ளையை நான் தடுக்கமாட்டேன், அவர்கள் வீட்டில் தடுப்பார்கள்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே மைனரை முடிவு செய்ய வேண்டும், விவரம் தெரிந்த யாராவது கூட இருந்தால் நல்லது. பிளஸ் டூவில் ஹ்யூமானிட்டீஸ் எடுத்துக் கணக்கே தொடாத பிள்ளைக்குக் கணித மைனர் சரிவராது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் இவ்வளவு நீட்டிப் பேசிய காரணமே அடிபட்டுப் போகிறது. இரண்டாவது, கல்லூரியில் எந்தத் துறைகள் இருக்கின்றனவோ அவற்றிலிருந்துதான் தேர்வு. சின்னக் கல்லூரியில் கையேட்டில் இருக்கிற சுதந்திரம் டைம்டேபிளில் இருக்காது.

நான்காம் வருடத்தைப் பற்றி நான் அனுபவத்தில் பேச முடியாது, விதியில் உள்ளதைத்தான் சொல்கிறேன். ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் மார்க் இருந்தால் ஹானர்ஸில் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போகலாம். நான்கு வருடம் முடித்தவர்களுக்கு முதுகலை ஒரே வருடம். பொள்ளாச்சிப் பையன் மூன்றும் இரண்டும் ஐந்து, இவள் நான்கும் ஒன்றும் ஐந்து, மொத்தத்தில் ஒரே காலம்தான். 75 சதவீதத்தோடு நான்கு வருடப் பட்டம் இருந்தால் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்குமான நெட் தேர்வு எழுதலாம் என்று யு.ஜி.சி. 2024-ல் சொல்லியிருக்கிறது. எதுவும் வேண்டாம் என்றால் மூன்றில் இறங்கிவிடலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை. உங்கள் கல்லூரியில் எக்கனாமிக்ஸுக்கு நான்காம் வருடம் நடக்குமா என்று மட்டும் துறையில் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி யாருக்குச் சரி? தமிழ்வழியிலேயே படித்து, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதத் தடுமாறுகிற பிள்ளைக்கு வகுப்பில் மலையாள விளக்கமும் சேர்ந்தால் முதல் வருடம் கஷ்டம். எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு மலையாளம் வரும், எழுத்துதான் சிரமம். தமிழிலேயே பரீட்சை எழுத வேண்டும் என்றால், தமிழ்வழிப் பிரிவு வைத்திருக்கிற தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் நல்ல மார்க்கோடு, நிம்மதியாகத்தான் போய்வருகிறான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். நம் கேரளச் சாதிச் சான்றிதழை வைத்து அங்கே இடஒதுக்கீடு கேட்க முடியாது, பொதுப் பிரிவில்தான் போட்டி. கல்லூரியில் படிக்கிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அங்குள்ள அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கானது. கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தோம் என்று சொன்னாலும் வராது. இந்தப் பணத்தை நம்பிப் பட்ஜெட் போட்ட குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு.

விண்ணப்பத்தை இரண்டு பக்கமும் போடுங்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கு அலாட்மென்ட் முறை, அதாவது பல்கலைக்கழகமே இடம் ஒதுக்கும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்குத் தனி இணையப் பதிவு, உதவிபெறும் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியில். தேதிகள் ஒத்துவராது. முதலில் கிடைத்த இடத்தில் டி.சி.யைக் கொடுத்துவிட்டால், அதைத் திரும்ப வாங்குவதற்குள் அடுத்த பக்கத்துக் கடைசித் தேதி போய்விடும்.