வேலை போன வீட்டுக்கு இரண்டு லட்சம் தேவை: நகையா, கார்டா, பி.எஃப்பா, சீட்டா?

வேலை போன மாதத்திலோ, வீட்டில் சம்பாதிப்பவர் படுத்துவிட்ட மாதத்திலோதான் எதிர்பாராத செலவுகளும் வரிசைகட்டி வரும். ஜூன் மாதமாக இருந்துவிட்டால் பள்ளிக் கட்டணம், கூடவே இரண்டு மாதக் கரண்ட் பில், அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ், அதற்கு மேல் அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன். சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பம் இப்படி மாட்டிக்கொண்டால் புரட்ட வேண்டிய தொகை சுலபமாக லட்சங்களில் போய் நிற்கும். கணக்குக்கு வசதியாக இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

வங்கியில் நகைக்கடன் கவுன்டரில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வருகிறவர்கள் முதலில் கேட்பது "வட்டி எவ்வளவு மேடம்?" என்பதுதான். மாதச் சம்பளம் ஒழுங்காக வரும் வீட்டுக்கு அந்தக் கேள்வி போதும். வருமானம் நின்றுபோன வீடு அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: அடுத்த மாதம் ஒரு பைசாகூடக் கட்ட முடியாவிட்டால் என்ன நடக்கும்? எல்லா வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்த்திருக்கிறேன்.

நகையை எங்கே வைப்பது

ஒரே சங்கிலி, மூன்று கடைகள். இரண்டு லட்சத்துக்கு ஒரு வருடத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். வங்கியில் ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் 18,000 ரூபாய். நகைக்கடன் நிறுவனத்தில் 18 சதவீதம் என்றால் 36,000. தெருமுனை அடகுக் கடையில் "ரெண்டு வட்டி" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது காதுக்குச் சின்னதாகத்தான் படும். வருடத்துக்கு அது 24 சதவீதம், அதாவது 48,000. மூன்று வட்டி என்றால் 72,000.

ஆனால் உண்மையான வித்தியாசம் கட்ட முடியாத மாதத்தில்தான் தெரியும். வங்கிகளில் ஓராண்டு முடிவில் அசலையும் வட்டியையும் சேர்த்துக் கட்டும் வகை உண்டு. இடையில் இ.எம்.ஐ. கிடையாது. வேலை தேடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இந்தப் பன்னிரண்டு மாத அவகாசம்தான் பெரிய வரம். நகைக்கடன் நிறுவனங்கள் பலவற்றில் வட்டியை மாதாமாதம் கட்டினால் ஒரு விகிதம், தள்ளிப்போட்டால் அதைவிடக் கூடிய விகிதம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது ஒழுங்காகக் கட்டுகிறவருக்கான விகிதம். உங்கள் நிலைமையில் நீங்கள் கேட்க வேண்டியது, ஆறு மாதம் எதுவுமே கட்டாவிட்டால் என்ன விகிதம் என்பதை.

ஏலம் என்று வந்தால்கூட வங்கிக்கும் நகைக்கடன் நிறுவனத்துக்கும் ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டிருக்கிறது. முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் வந்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். 2025 ஜூனில் வந்த விதிகளின்படி, முழுக் கடனையும் அடைத்த பிறகு ஏழு வேலை நாட்களுக்குள் நகை கைக்கு வராமல் தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இந்த ரிசர்வ் வங்கி விதிகள் அடகுக் கடைக்குப் பொருந்தாது. அடகுக் கடைக்கு 1943-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, லைசென்ஸ் வேண்டும், ரசீது தர வேண்டும். ஆனால் துண்டுச் சீட்டில் "செயின் 1" என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஏழெட்டு மாதம் வட்டி கட்டாமல் போய், நகை மூழ்கிவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் அந்தச் சீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

வங்கியில் சிரமம் இல்லையா என்றால், இருக்கிறது. அரை நாள் போய்விடும். அப்ரைசர் உரைகல்லில் தேய்த்து, ஆசிட் விட்டுப் பார்ப்பார். அட்டிகை என்றால் கல் எடையையும் உள்ளே இருக்கும் அரக்கையும் கழித்துவிட்டு நிகர எடையை மட்டும்தான் எழுதுவார். வீட்டில் ஐந்து பவுன் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களின் முகம் அந்த இடத்தில்தான் வாடும். அதனால் கல் வைத்த நகையை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறும் சங்கிலி, வளையல் எடுத்துப் போங்கள். போவதற்கு முன் ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கொக்கியோடு சேர்த்து. ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டு என்கிறார்கள், வேறு வழியே இல்லை என்றால் அடகுக் கடைக்குப் போகலாம். ஆனால் அந்த வாரத்திலேயே மீட்டு வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

கார்டும் பர்சனல் லோனும்

கிரெடிட் கார்டில் மினிமம் டியூ, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதுதான் நான் பார்த்தவரையில் குடும்பங்களை அதிகம் சாய்த்த பழக்கம். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 42. இரண்டு லட்சம் அப்படியே நின்றால் வட்டி மட்டும் 84,000. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று இன்னொரு 15,120. வட்டிக்கு வட்டியைச் சேர்க்காமலே கிட்டத்தட்ட ஒரு லட்சம். ரெண்டு வட்டி சேட்டுக் கடையையே கொள்ளை என்று திட்டுகிற நாம், அதைப்போல் இரண்டு மடங்கை மெஷினில் தேய்த்துவிட்டுச் சிரித்தபடி வருகிறோம். வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரி பில்லைக் கார்டில் கட்டிவிட்டால், பில் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்குள் நகையை வைத்தாவது முழுசாக அடைத்துவிடுங்கள்.

பர்சனல் லோன் வட்டியில் கார்டைவிட எவ்வளவோ மேல். 14 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் 6,840 ரூபாய், மொத்த வட்டி ஏறக்குறைய 46,000. ஆனால் அது சம்பளத்தை நம்பிக் கொடுக்கும் கடன். சம்பளம் போன பிறகு கிடைப்பது கஷ்டம். வேலை போகப் போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதியே இ.எம்.ஐ. கேட்டு வந்து நிற்கும். ஒரு தவணை பவுன்ஸ் ஆனால் கடன் கொடுத்தவரும் அபராதம் போடுவார், கணக்கு வைத்திருக்கும் வங்கியும் போடும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் இறங்கும். வங்கி, நிதி நிறுவன வேலைகளுக்குப் போகிறவரின் சிபிலை ஆள் எடுக்கும்போதே பார்ப்பதும் உண்டு.

ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் முதல் தவணை தவறுவதற்கு முன்பே கிளை மேலாளரைப் போய்ப் பாருங்கள். தொண்ணூறு நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கப்புறம், அடமான வீட்டை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ் வரலாம். அதற்கு முன்னால் என்றால் தவணைக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்க இடம் இருக்கிறது.

சொந்தப் பணம்: பி.எஃப்., பாலிசி, வீட்டு அட்வான்ஸ்

பி.எஃப். கடன் இல்லை, உங்கள் பணம். கட்ட முடியாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியே எழாது. அதனால்தான் ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்துக்கு ஓடத் தோன்றுகிறது. ஆனால் மொத்தத்தையும் துடைத்து எடுப்பதற்கு முன் மூன்று விஷயம் யோசியுங்கள். ஐந்து வருடத் தொடர்ச்சியான சேவை முடியாமல் எடுத்தால் பெரும்பாலும் வரி உண்டு. பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் பென்ஷன் கிடைக்கத் தேவையான பத்து வருடக் கணக்கு அங்கேயே அறுந்துவிடும், பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: பி.எஃப். கணக்கில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் யாரும் ஜப்தி செய்ய முடியாது, சட்டமே அதைத் தடுக்கிறது. எடுத்து சேவிங்ஸ் கணக்கில் போட்ட பிறகு அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. தேவைக்கு மட்டும் எடுங்கள்.

எல்.ஐ.சி. எண்டோமென்ட் பாலிசி இருந்தால் அதை யாரும் முதலில் நினைப்பதே இல்லை. எனக்கு அது நகைக்குச் சமமான வழி. சரண்டர் மதிப்பில், அதாவது பாலிசியை இடையிலேயே முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகையில், 90 சதவீதம் வரைகூடக் கடனாகக் கிடைக்கலாம். இ.எம்.ஐ. கிடையாது, வேலை இருக்கிறதா என்ற கேள்வி கிடையாது. வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை. அதுவும் கட்ட முடியாவிட்டால் கடனோடு சேர்ந்துகொள்ளும். கடனும் வட்டியும் சரண்டர் மதிப்பைத் தாண்டினால்தான் பாலிசிக்கு ஆபத்து. டேர்ம் பாலிசியில் இந்த வசதி இல்லை.

சென்னைக்காரர்கள் மறந்துவிடும் இன்னொரு பணம் வீட்டு ஓனரிடம் இருக்கும் அட்வான்ஸ். 20,000 ரூபாய் வாடகைக்குப் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தால், நமக்குத் தேவையான இரண்டு லட்சம் அங்கேயே கிடக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். பெரம்பூரிலிருந்து ஆவடிக்கோ திருநின்றவூருக்கோ மாறினால் அட்வான்ஸில் பாதிக்கு மேல் கைக்கு வரலாம், மாத வாடகையும் இறங்கும். பிள்ளைகளின் பள்ளியை நினைத்தால் மனசு கேட்காதுதான். ஆனால் நான் சொன்ன வழிகளிலேயே மாதச் செலவைக் குறைத்துக்கொண்டே பணத்தையும் தருவது இது ஒன்றுதான்.

ஏலச்சீட்டு போட்டு இன்னும் எடுக்காமல் இருந்தால், இந்த மாதமே தள்ளுபடி கொடுத்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். பதிவான சீட்டு கம்பெனியில் எடுக்க ஜாமீன் வேண்டும், அதுவும் பெரும்பாலும் சம்பளச் சீட்டு உள்ளவர். எடுத்த பிறகு நீங்கள் கட்டாவிட்டால் மச்சானோ ஆபீஸ் நண்பரோதான் கட்ட வேண்டிவரும். என் கேள்விக்கு இந்த வழி தரும் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. தெரு அக்கா நடத்தும் பதிவில்லாத சீட்டு என்றால் பேச்சே வேண்டாம், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் பாதுகாப்பு அங்கே கிடையாது.

செலவு ஆபரேஷன் என்றால், கடன் வாங்குவதற்கு முன் பில்லையே குறைக்க முடியுமா என்று பாருங்கள். கம்பெனி மெடிக்ளெய்ம் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். நோட்டீஸ் காலத்துக்குள் செய்துகொள்ள முடிந்த சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறவும் அப்போதே கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அரசு நடத்தும் ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையும் 2023-இல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் இந்த ஊரில்தான் இருக்கின்றன.

சம்பாதித்தவர் இறந்துவிட்டால்

இங்கே வரிசையே வேறு. கடன் வாங்குவதை நிறுத்தி வையுங்கள், முதலில் வர வேண்டிய பணத்தைத் தேடுங்கள். பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் பி.எஃப். கணக்கோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடாக ஏழு லட்சம் வரை குடும்பத்துக்கு வரும். விதவை ஓய்வூதியமும் உண்டு, ஒரே ஒரு மாதம் பங்குத்தொகை கட்டியிருந்தாலும் போதும். அவர் எடுத்த பர்சனல் லோனில் ஆரம்பத்திலேயே இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்திருக்கலாம், லோன் பேப்பரைத் தேடி எடுத்துப் பாருங்கள். அந்தக் கடனையே அந்தக் காப்பீடு அடைத்துவிடக்கூடும்.

பதினாறாம் நாள் முடிவதற்குள் கார்டு பாக்கி கேட்டு போன் வரும். "நீங்கதானே மனைவி, நீங்க கட்டணும்" என்பார்கள். நீங்கள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாதவரை, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. உங்கள் சம்பளமும் உங்கள் நகையும் அதில் வராது. போனில் பயந்துபோய், தாலிக்கொடியை வைத்துக் கணவரின் கார்டு பாக்கியை அடைக்க வந்த பெண்களைக் கவுன்டரில் உட்காரவைத்து இதைச் சொல்லியிருக்கிறேன். துக்கத்தில் இருக்கும்போது எதிலும் புதிதாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தொடவே கூடாதவை

தண்டல்: பத்தாயிரம் என்று சொல்லி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் நூறாக நூறு நாள் வாங்குவார்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும் வட்டி. கட்ட முடியாவிட்டால் என்ன நடக்கும் என்பது வாசலில் நின்று கத்தும்போது தெரு முழுக்கத் தெரியும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. வசூலில் அடாவடி செய்வதைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பணம் தரும் பெயர் தெரியாத லோன் ஆப்களும் இதே ரகம்தான். போனில் இருக்கும் நம்பர்களையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். மாட்டிக்கொண்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

வங்கியின் வசூல் ஏஜென்ட் என்றாலும் காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. மீறினால் தேதி, நேரம், நம்பரைக் குறித்துவைத்துக்கொண்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் கிடையாது. எப்படிப் புகார் கொடுப்பது என்று 14448 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.